மாறிவரும் பருவமும் அரசின் திட்டங்களும்: சிறு விவசாயி முன்கூட்டியே செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவமழையால் கிடைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் மழையை நம்பித்தான் சம்பா நடவும் மானாவாரி விதைப்பும் நடைபெறுகின்றன. அண்மைக் காலத்தில் இந்த மழையின் போக்கு நம்பத்தக்கதாக இல்லை. 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. மறு ஆண்டு ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டது. 2021 ஜனவரியில், அறுவடைக்கு நின்ற சம்பா நெல் காவிரி டெல்டாவில் பருவம் தவறிய மழையில் சாய்ந்தது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பெய்தது.

அணை நீரின் நிலையும் இதுவே. மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்பட வேண்டும் என்பது மரபு. 2022-ல் மே 24-ஆம் தேதியே திறக்கப்பட்டது. 2023-ல் உரிய நாளில் திறந்தும், போதிய நீரின்றி அக்டோபரில் மூட வேண்டியதாயிற்று. 2024-ல் ஜூலை 28-ஆம் தேதிதான் திறக்கப்பட்டது. நாற்று விடும் நாளையே முன்கூட்டி நிச்சயிக்க இயலாத நிலை விவசாயிக்கு ஏற்பட்டுள்ளது.

இதற்கு அரசு என்ன செய்கிறது என்று விவசாயிகள் கேட்கின்றனர். திட்டங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சேதம் ஏற்படும் முன்பே கேட்டுப் பெற வேண்டியவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கடைசி நாளும் ஓர் ஆவணமும் உண்டு. அவற்றைத் தவறவிட்ட விவசாயிக்கு, சேதத்திற்குப் பின் நிவாரணத் தொகை ஒன்றே மிஞ்சுகிறது.

கொள்கையின் அடிப்படை

பருவநிலை மாற்றத்திற்கான தேசியச் செயல் திட்டத்தை மத்திய அரசு 2008 ஜூன் 30-ஆம் தேதி வெளியிட்டது. அதிலுள்ள 8 இயக்கங்களில் ஒன்று, நீடித்த வேளாண்மைக்கான தேசிய இயக்கம். 2011-ல் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம், மாறும் பருவநிலையைத் தாங்கும் வேளாண்மைக்கென ஒரு தனித் திட்டத்தைத் தொடங்கியது. ஐதராபாத்திலுள்ள மானாவாரி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இதை ஒருங்கிணைக்கிறது. வறட்சியும் வெள்ளமும் அதிகம் தாக்கும் மாவட்டங்களில், வேளாண்மை அறிவியல் நிலையங்கள் மூலம் கிராமங்களில் செயல்விளக்கங்கள் நடத்தப்படுகின்றன.

பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்ள இரண்டு வழிகள் உள்ளன. வெப்பத்தை உண்டாக்கும் வாயுக்களைக் குறைப்பது ஒன்று. வந்துவிட்ட மாற்றத்தைப் பயிர் தாங்கும்படி செய்வது மற்றொன்று. வேளாண்மையைப் பொறுத்தவரை இந்திய அரசு இரண்டாவது வழிக்கே முதலிடம் தருகிறது. நீர் தேங்கிய நெல் வயலிலிருந்தும் கால்நடைகளிடமிருந்தும் மீத்தேன் வாயு வெளியாகிறது. 2021-ல் பல நாடுகள் சேர்ந்து மீத்தேனைக் குறைப்பதாக உறுதிமொழி எடுத்தபோது இந்தியா அதில் சேரவில்லை. நெல்லும் மாடும் கோடிக்கணக்கான சிறு விவசாயிகளின் பிழைப்பு என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். 2016-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, நாட்டில் வெளியாகும் இத்தகைய வாயுக்களில் வேளாண்மையின் பங்கு சுமார் 14 சதவீதம்.

இக்கொள்கை விதை, நீர், வானிலை அறிவிப்பு, காப்பீடு ஆகிய நான்கு வழிகளில் விவசாயியின் வயலை வந்தடைகிறது.

தாங்கும் விதை

டெல்டாப் பகுதியில் சி.ஆர். 1009 என்னும் பொன்மணி நெல்லை அறியாதவர் இல்லை. இதில் வெள்ளத்தைத் தாங்கும் 'சப் 1' என்னும் மரபணுவைச் சேர்த்து உருவாக்கப்பட்டதே சி.ஆர். 1009 சப் 1 ரகம். ஒடிசா மாநிலத்தின் பழைய நெல் வகை ஒன்றிலிருந்து இம்மரபணு கிடைத்தது. சாதாரண நெல், நீரில் மூழ்கியதும் தலையை வெளியே நீட்ட முயன்று, தன்னிடமுள்ள மாவுச்சத்தை எல்லாம் செலவழித்து மடிகிறது. சப் 1 உள்ள நெல் வளர்ச்சியை நிறுத்தி, சத்தைச் சேமித்து வைத்து, நீர் வடிந்ததும் மீண்டும் தூர் விடுகிறது. ஏறக்குறைய இரண்டு வாரம் வரை இது தாங்கும்.

ஆனால் இந்தத் தாங்கும் தன்மை பயிர் வளரும் பருவத்திற்கே உரியது. பூக்கும் தருணத்திலும் கதிர் முற்றும் தருணத்திலும் மூழ்கினால் இந்த ரகமும் சேதமடையும். சுமார் 155 நாள் வயதுடையதாகையால், ஆகஸ்டில் விதைக்கும் சம்பாவுக்கே ஏற்றது. தாமதமாக நீர் வரும் ஆண்டில், தாளடிக்கு இதைத் தேர்ந்தெடுப்பது தவறு.

ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களின் மானாவாரி நெல்லுக்கு, பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் 2009-ல் வெளியிட்ட அண்ணா 4 ரகம் ஏற்றது. 100 முதல் 105 நாளில் அறுவடைக்கு வரும். இடையில் மழை நின்றாலும் ஓரளவு தாங்கும். களர் உவர் நிலங்களுக்குத் திருச்சி ரகங்கள் (டி.ஆர்.ஒய். 1, டி.ஆர்.ஒய். 3) உள்ளன. 2024 ஆகஸ்டில் 109 புதிய பயிர் ரகங்கள் நாட்டிற்கு அளிக்கப்பட்டன. இவை எல்லா ஊருக்கும் பொருந்துவன அல்ல. உங்கள் வட்டாரத்திற்குப் பரிந்துரைக்கப்பட்ட ரகம் எது என்பதை, விதைப்புக்கு ஒரு மாதம் முன்பே வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுப் பதிந்து வைக்க வேண்டும். நீர் திறந்த பின் கேட்டால், கையிருப்பில் உள்ள விதைதான் கிடைக்கும்.

நீர்ச் சிக்கனம்

2015-ல் தொடங்கப்பட்ட பிரதமரின் வேளாண் நீர்ப்பாசனத் திட்டத்தில், சொட்டு நீர், தெளிப்பு நீர்ப் பாசனத்திற்கு மானியம் உண்டு. மத்திய அரசின் விதிப்படி சிறு, குறு விவசாயிகளுக்கு 55 சதவீதமும் மற்றவர்களுக்கு 45 சதவீதமும் ஆகும். தமிழ்நாட்டில் மாநில அரசு தன் பங்கைச் சேர்த்து, சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியமாகவும், மற்றவர்களுக்கு 75 சதவீதமாகவும் வழங்கி வந்துள்ளது. இதற்குத் தேவையான முக்கிய ஆவணம், வட்டாட்சியர் வழங்கும் சிறு, குறு விவசாயி சான்று. இச்சான்று இல்லாமலேயே பலர் முழு மானியத்தை இழக்கின்றனர்.

நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் முறை நன்கு பலன் தருகிறது. துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் நட்டு, அதனுள் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மீண்டும் 5 செ.மீ. உயரம் நீர் கட்டினால் போதும். பூக்கும் சமயத்தில், முன்னும் பின்னும் ஒரு வாரம் மட்டும் வயலில் நீர் நிற்க வேண்டும். இதனால் மகசூல் குறையாமல் நீர் மிச்சமாகிறது. மீத்தேன் வெளியேறுவதும் கணிசமாகக் குறைகிறது. உலகத்திற்குக் கிடைக்கும் நன்மை ஒருபுறம் இருக்க, ஆழ்குழாய்க் கிணற்று நீரை நம்பும் விவசாயிக்கு இது உடனடி லாபம்.

வானிலை அறிவிப்பு

இந்திய வானிலை ஆய்வுத் துறையும் வேளாண்மைப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, வாரத்தில் செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாட்களில் வேளாண் வானிலை அறிக்கை வெளியிடுகின்றன. அடுத்து வரும் சில நாட்களின் மழை, வெப்பம், காற்று ஆகியவற்றுடன், பயிருக்குச் செய்ய வேண்டியதும் அதில் கூறப்படும். 2019-ல் வெளியான 'மேக்தூத்' என்னும் கைப்பேசிச் செயலியிலும் இதைப் பெறலாம்.

மேலுரம் இடும் முன்பும், மருந்து தெளிக்கும் முன்பும், அறுவடைக்கு இயந்திரம் பேசும் முன்பும் இந்த அறிக்கையைப் பார்ப்பது அவசியம். கனமழைக்கு முதல் நாள் இட்ட யூரியா வாய்க்காலுக்குத்தான் போகும்.

பயிர்க் காப்பீடு: கணக்கைப் புரிந்து கொள்ளுங்கள்

இந்தியாவில் பயிர்க் காப்பீடு 1972-ல் குஜராத்தில் பருத்திக்குச் சோதனையாகத் தொடங்கியது. தனித்தனி வயலைப் பார்த்து இழப்பீடு தருவது நடைமுறைக்கு ஒவ்வாது, ஒரு பகுதியின் சராசரி மகசூலை வைத்தே தர வேண்டும் என்று பொருளாதார அறிஞர் வி.எம். தாண்டேகர் 1970-களில் எடுத்துரைத்தார். 1985-லும் 1999-லும் வந்த திட்டங்கள் இந்த அடிப்படையிலேயே அமைந்தன. 2016 முதல் நடைமுறையில் உள்ள பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்திற்கும் இதுவே அடிப்படை.

இத்திட்டத்தில் விவசாயி செலுத்தும் பிரீமியம், உணவு தானியம், எண்ணெய் வித்துப் பயிர்களுக்குக் காரிப் பருவத்தில் 2 சதவீதமும், ராபிப் பருவத்தில் 1.5 சதவீதமும், தோட்டக்கலை, பணப் பயிர்களுக்கு 5 சதவீதமும் ஆகும். மீதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. தமிழ்நாட்டில் சம்பா நெல்லுக்கு 1.5 சதவீதம் வசூலிக்கப்படுகிறது.

இழப்பீடு கணக்கிடும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு கிராமத்தின் கடந்த 7 ஆண்டு நெல் மகசூல், எக்டேருக்கு 5,200, 4,800, 2,100, 5,000, 5,100, 3,000, 4,900 கிலோ என்று கொள்வோம். இவற்றில் சிறந்த 5 ஆண்டுகளின் சராசரி 5,000 கிலோ. இழப்பீட்டு அளவு 80 சதவீதம் என்று அரசு நிர்ணயித்திருந்தால், உத்தரவாத மகசூல் 4,000 கிலோ ஆகும். இந்த ஆண்டு அக்கிராமத்தின் சராசரி 3,000 கிலோவாக இறங்கினால், குறைவு 1,000 கிலோ. அதாவது 4,000-ல் 25 சதவீதம். ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை ரூ.36,000 என்றால், விவசாயி செலுத்திய பிரீமியம் ரூ.540, கிடைக்கும் இழப்பீடு ரூ.9,000.

இக்கணக்கில் மூன்று விஷயங்களை விவசாயிகள் கவனிக்க வேண்டும்.

முதலாவது, வழக்கமான 5,000 கிலோவிலிருந்து 3,000-க்கு இறங்கியதால் 40 சதவீதம் இழப்பு என்று விவசாயி எண்ணுகிறார். உத்தரவாத மகசூலிலிருந்து கணக்கிடுவதால் 25 சதவீதமே வருகிறது. எதிர்பார்த்ததைவிடக் குறைவாகப் பணம் வருவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

இரண்டாவது, அக்கிராமத்தில் 1,000 கிலோ எடுத்தவருக்கும் 4,500 கிலோ எடுத்தவருக்கும் ஒரே விகிதம்தான்.

மூன்றாவது, கிராமச் சராசரி 4,100 கிலோவாக இருந்து, உங்கள் பள்ள வயல் மட்டும் முற்றிலும் அழுகிப் போனால், சராசரி மகசூல் கணக்கில் உங்களுக்கு ஒன்றும் வராது. இத்திட்டத்தின் பெரிய குறை இது. மறைக்க வேண்டியதில்லை.

எனவே கிராமச் சராசரி எப்படி எடுக்கப்படுகிறது என்பது முக்கியம். நெல் போன்ற முக்கியப் பயிர்களுக்குக் கிராம அளவில் குறைந்தது 4 பயிர் அறுவடைப் பரிசோதனைகள் நடத்தப்படுகின்றன. குலுக்கல் முறையில் எடுத்த வயலில், 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளவு குறித்து, அறுத்து, அடித்து, எடை போடுகின்றனர். 2023 காரிப் பருவம் முதல் நெல், கோதுமை மகசூலைச் செயற்கைக்கோள் படங்களின் மூலம் மதிப்பிடும் முறையும் சேர்க்கப்பட்டு வருகிறது. பரிசோதனை நடைபெறும் நாளைக் கிராம நிர்வாக அலுவலரிடமோ உதவி வேளாண்மை அலுவலரிடமோ கேட்டறிந்து, விவசாயிகள் நான்கைந்து பேர் உடன் இருப்பது நல்லது. நூற்றுக்கணக்கான குடும்பங்களின் இழப்பீடு அந்த 4 சிறு பாத்திகளில்தான் முடிவாகிறது.

72 மணி நேர விதி

சில இழப்புகளுக்கு மட்டும் தனி வயல் கணக்கு உண்டு. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேக வெடிப்பு, மின்னலால் பற்றும் தீ ஆகியவை இவ்வகை. அறுத்து வயலில் உலரப் போட்ட பயிர், 14 நாட்களுக்குள் புயல் மழையிலோ பருவம் தவறிய மழையிலோ சேதமானாலும் இது பொருந்தும். இயந்திரத்தில் அறுத்துக் கொள்முதல் நிலைய வாசலில் குவித்த நெல்லுக்கு இது பொருந்தாது.

நெல் வயல் வெள்ளத்தில் மூழ்குவது 2018-ல் இப்பிரிவிலிருந்து நீக்கப்பட்டது. டெல்டா விவசாயிகளுக்கு இது பெரும் குறையாக இருந்தது. 2026 காரிப் பருவம் முதல் நெல் மூழ்குவதையும், வனவிலங்குகளால் ஏற்படும் பயிர்ச் சேதத்தையும் இப்பிரிவில் சேர்ப்பதாக மத்திய வேளாண்மை அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. ஒவ்வொரு பருவத்திலும் மாநில அரசு வெளியிடும் அறிவிக்கையில், உங்கள் மாவட்டத்திற்கும் பயிருக்கும் இது உள்ளதா என்று பார்த்துக் கொள்ள வேண்டும்.

தனி வயல் இழப்பை 72 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். 14447 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியிலோ, பயிர்க் காப்பீட்டுச் செயலியிலோ, வங்கி அல்லது வேளாண்மை அலுவலகத்திலோ தெரிவிக்கலாம். சேதமான வயலைப் படம் எடுத்து, புகார் எண்ணைக் குறித்து வைக்க வேண்டும். நீர் வடியட்டும் என்று நான்கு நாள் காத்திருந்தால் உரிமை போய்விடும்.

இவை தவிர, மழையின்மையால் ஒரு பகுதியில் 75 சதவீதத்திற்கு மேல் விதைக்கவே இயலாமல் போனால், காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் வழங்க விதி உண்டு. அத்துடன் அப்பருவத்திற்கான காப்பீடு முடிவடையும்.

நிவாரணம் வேறு, காப்பீடு வேறு

பேரிடர் நிவாரண நிதியிலிருந்து வழங்கப்படுவது அடுத்த சாகுபடிக்கான இடுபொருள் உதவியே அன்றி, இழப்புக்கு ஈடு அல்ல. முன்பு பயிர்ச் சேதம் 50 சதவீதம் இருந்தால்தான் இது கிடைக்கும். 2015-ல் இது 33 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2022 முதல் 2026 வரையிலான மத்திய அரசின் விதிப்படி, பாசனப் பயிருக்கு எக்டேருக்கு ரூ.17,000, மானாவாரிக்கு ரூ.8,500 என்றும், 2 எக்டேர் வரை என்றும் வரம்பு வைக்கப்பட்டது. பாசனப் பயிருக்கு ஏக்கர் கணக்கில் இது சுமார் ரூ.6,900 மட்டுமே. ஓர் ஏக்கர் நெல் சாகுபடிச் செலவுடன் இதை ஒப்பிட்டுப் பார்த்தால், நிவாரணத்தை மட்டும் நம்பி இருக்கலாகாது என்பது விளங்கும்.

குத்தகைதாரர்களின் நிலை

2015-16 வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒரு பண்ணையின் சராசரிப் பரப்பு 0.75 எக்டேர். நிலம் வைத்திருப்போரில் 93 சதவீதத்தினர் சிறு, குறு விவசாயிகள். இவர்களில் பலர் பிறர் நிலத்தையும் வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கின்றனர். மழையில் பயிரை இழப்பவர் குத்தகைதாரர். ஆனால் அடங்கலில் பெயர் நில உரிமையாளருடையதாக இருந்தால், காப்பீடும் நிவாரணமும் அவர் பெயருக்கே செல்ல நேரிடும்.

பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் வாரதாரரும் சேரலாம் என்பது விதி. அதற்கு, பயிர் செய்பவர் தாமே என்பதற்கான ஆவணம் வேண்டும். தமிழ்நாட்டில் குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-ஆம் ஆண்டே சட்டம் இயற்றப்பட்டுள்ளது. பதிவு செய்ய இயலாத நிலையில் உள்ளவர்கள், குறைந்தபட்சம் நில உரிமையாளரின் எழுத்துப் பூர்வமான சம்மதத்துடன், தாம் சாகுபடி செய்வதை அடங்கலில் குறிக்கும்படி கிராம நிர்வாக அலுவலரைக் கேட்க வேண்டும். உரிமையாளர்களும் இதைத் தம் நிலத்துக்கு வந்த ஆபத்தாக எண்ணாமல் ஒத்துழைப்பது நியாயம்.

எப்போது, எதைச் செய்ய வேண்டும்?

1. ஜூலை மாதம்: புதிய பசலி தொடங்கும் மாதம் இது. பட்டா, சிட்டாவில் உள்ள பெயரும், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகத்தில் உள்ள பெயரும் ஒன்றாக உள்ளனவா என்று சரிபார்க்கவும். சிறு, குறு விவசாயி சான்று பெறவும்.

2. விதைப்புக்கு ஒரு மாதம் முன்பு: வட்டாரத்திற்கு ஏற்ற ரக விதையைப் பதிவு செய்யவும். அணை நீர் தாமதமானால் மாற்று ரகம் எது என்பதையும் அப்போதே கேட்டுக் கொள்ளவும்.

3. நடவு முடிந்ததும்: நடப்புப் பசலி அடங்கல் அல்லது விதைப்புச் சான்று பெறவும். சர்வே எண்ணும் பயிர்ப் பெயரும் பரப்பும் சரியாக உள்ளனவா என்று அங்கேயே பார்க்கவும்.

4. காப்பீட்டுக் கடைசி நாளுக்கு முன்பு: சம்பா நெல்லுக்குப் பல மாவட்டங்களில் நவம்பர் 15 என்று நாள் குறிக்கப்படுவது வழக்கம். அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்க்கவும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு வங்கி, பொதுச் சேவை மையம், வணிக வங்கி ஆகியவற்றில் பிரீமியம் செலுத்தலாம். ரசீதில் கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் தவறாக இருந்தால் இழப்பீடு வராது.

5. பயிர்க் கடன் பெற்றவர்கள்: 2020 முதல் இவர்களுக்கும் காப்பீடு விருப்பத்தின் பேரில்தான். வேண்டாம் என்பவர்கள் கடைசி நாளுக்கு 7 நாள் முன்பே வங்கிக்கு எழுதித் தர வேண்டும். வேண்டும் என்பவர்கள், வங்கி பிரீமியம் பிடித்துள்ளதா என்று கேட்டு உறுதி செய்து கொள்ள வேண்டும்.

6. சேதம் ஏற்பட்டால்: 72 மணி நேரத்திற்குள் தெரிவிக்கவும்.

7. அறுவடைச் சமயம்: கிராமத்தின் பயிர் அறுவடைப் பரிசோதனையில் உடன் இருக்கவும்.

மழை எந்நாளில் வரும், எவ்வளவு பெய்யும் என்பதை எந்த அரசும் கட்டுப்படுத்த இயலாது. வந்த மழையாலும் வராத மழையாலும் ஒரு குடும்பம் கடனில் மூழ்காமல் காக்கவே இத்திட்டங்கள் ஏற்பட்டுள்ளன. அவற்றில் குறைகள் உள்ளன. குறிப்பாக, தனி வயலின் இழப்பைக் கிராமச் சராசரியில் கரைத்துவிடும் முறை மேலும் திருத்தப்பட வேண்டும். அத்திருத்தத்தை விவசாயிகள் தம் சங்கங்கள் மூலமும், குறைதீர்க்கும் நாள் கூட்டங்களிலும் தொடர்ந்து வற்புறுத்துவது அவசியம். அதே வேளையில், இன்று கையில் உள்ள உரிமையை ஒரு ரசீது, ஒரு சான்று இல்லாமல் இழக்கலாகாது. இந்தப் பருவத்திற்கான கடைசி நாள் எது என்பதை, இவ்வாரமே உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டறிந்து, அண்டை வயல்காரர்களுக்கும் தெரிவித்துப் பயன் பெறுங்கள்.